விழுந்து காலில் அடிபட்டால்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் படியில் வழுக்குவது, நிலாவெளி வீதியில் மணலில் மோட்டார் சைக்கிளோடு சரிவது, வள்ளத்தில் ஏறும்போது இடறுவது, இரவில் நகரத்துக்குள் திரியும் மானுக்கு பிரேக் அடித்து விழுவது என்று இங்கே கால் அடிபட வழிகளுக்குக் குறைவில்லை. இந்தப் பக்கம் சின்னக் காயங்களைப் பற்றியது. அது சின்னக் காயம்தானா என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை என்பதால் அதற்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

விழுந்த இடத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே எழும்ப வேண்டாம். விழுந்தவுடன் நமக்கு முதலில் வருவது வெட்கம். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று துள்ளி எழும்பி நடக்கத் தொடங்கிவிடுவோம். சுற்றி நிற்பவர்களும் உதவி என்று நினைத்து இரண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள். ஒரு நிமிடம் இருந்த இடத்திலேயே இருந்து பாருங்கள். தலையில் அடிபட்டதா? கழுத்தோ முதுகோ நோகிறதா? அதன் பிறகு காலைப் பாருங்கள். வழக்கத்துக்கு மாறாக வளைந்து கிடக்கிறதா, எலும்பு தெரிகிறதா, இரத்தம் ஓடுகிறதா?

இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடி ஓடும். கொலுசு, மெட்டி, இறுக்கமான சப்பாத்து எதுவாக இருந்தாலும் வீக்கம் வரும் முன்பே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

கணுக்கால் பிரண்டுவிட்டது. சுளுக்கா, முறிவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கனடாவின் ஒட்டாவா நகரத்து வைத்தியர்கள் 1992இல் இதற்கென்றே ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று தீர்மானிக்க இன்றும் பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

முதலாவது, நான்கு அடி. அடிபட்ட காலிலும் பாரத்தை ஊன்றி நான்கு அடி நடக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை, அது நடையாகவே கணக்கு. விழுந்த நேரமும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, விரலால் அழுத்திப் பார்ப்பது. கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்து நிற்கும் எலும்பின் நுனியை அழுத்துங்கள். அங்கிருந்து அதன் பின் விளிம்பு வழியே ஆறு சென்றிமீற்றர் உயரம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். உள்பக்க எலும்பிலும் அப்படியே. பிறகு பாதத்தில் இரண்டு இடங்கள். ஒன்று, பாதத்தின் வெளி விளிம்பில் சின்னவிரலுக்கும் குதிக்காலுக்கும் நடுவே கையில் தட்டுப்படும் மேடு. மற்றது, பாதத்தின் உள்பக்கத்தில் வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பு. இந்த நான்கில் எந்த இடத்திலாவது எலும்பின் மேலேயே அழுத்தும்போது "ஆ" என்று கத்தினால், நடக்க முடிந்தாலும் எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

வெளிப்பக்க எலும்புக்கு முன்னாலும் சற்றுக் கீழேயும் உள்ள மெத்தென்ற பகுதியில் மட்டும் நோவு என்றால் அது பெரும்பாலும் சுளுக்குத்தான். பாதம் உட்பக்கமாக மடங்கும்போது முதலில் இழுபடுவது அங்குள்ள தசைநார்.

இந்தச் சோதனை முறிவைத் தவறவிடுவது அரிது. ஆனால் எக்ஸ்ரேக்கு அனுப்பப்படுபவர்களில் பலருக்கு முறிவு இருக்காது. "படம் எடுத்தும் ஒன்றும் இல்லையாம், போன நேரம் வீண்" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அரச வைத்தியசாலையில் காசும் இல்லை. ஒரு காலை நேரம் போனால் போகட்டும்.

குடித்திருப்பவருக்கும், சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறைந்தவருக்கும், மிகச் சின்னப் பிள்ளைக்கும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. நோவு தெரிந்தால்தானே சொல்வார்கள்.

விரல்களை அசைக்க முடிகிறது. அப்படியென்றால் முறிவு இல்லைதானே?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. விரலை அசைக்கும் தசைகள் வேறு, முறிந்த எலும்பு வேறு. வீக்கத்தின் அளவையும் நம்ப வேண்டாம். சில சுளுக்குகள் பயங்கரமாக வீங்கும். சில முறிவுகளில் வீக்கமே தெரியாது.

முழங்காலில் அடி என்றால்?

அதற்கும் ஒட்டாவா முறையில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. வயது 55 அல்லது அதற்கு மேல், முழங்காற் சில்லில் மட்டும் அழுத்தினால் நோவு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பில் நோவு, முழங்காலைச் செங்கோணத்துக்கு மடக்க முடியாமை, நான்கு அடி நடக்க முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே.

எக்ஸ்ரேயில் தெரியாத ஒன்றும் முழங்காலில் உண்டு. விழும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் உருண்டையாக வீங்கினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு சரியாக இருக்கிறது என்று படம் சொன்னாலும் முழங்கால் நழுவுவது போல இருக்கிறதா, மடக்கிய நிலையில் பூட்டிக்கொள்கிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எப்போது தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்? எங்கே போவது?

கால் கோணிக் கிடந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், 10 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், பாதம் வெளிறியோ குளிர்ந்தோ மரத்தோ போனால், காயத்தின் விளிம்புகள் விரிந்து உள்ளே கொழுப்போ தசையோ தெரிந்தால் உடனே போங்கள். இவற்றோடு பலருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கெண்டைச் சதை கல்லுப்போல் இறுகி, அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத கடும் நோவு ஏறிக்கொண்டே போய், விரலை மேல்நோக்கி மடக்கினாலே உயிர் போவது போலிருந்தால், தசைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் அடைபடுகிறது என்று அர்த்தம். விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். சில மணித்தியாலங்களில் தசை இறந்துவிடும்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்களுக்கு அங்கங்கே தள வைத்தியசாலை இருக்கிறது. சின்னப் பிரதேச வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் எக்ஸ்ரே இருக்காது. காயத்துக்கு மருந்து கட்ட அவை போதும். முறிவுச் சந்தேகம் என்றால் எப்படியும் பெரிய இடத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

ஓட்டோவில் போவதானால் அடிபட்ட காலை ஒரு தலையணையில் வைத்து, தலையணையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டு போங்கள். நமது வீதிகளின் குலுக்கலில் அந்தத் தலையணையின் அருமை தெரியும்.

தோல் உரஞ்சிய காயத்தைக் கழுவ எது நல்லது?

குழாய்த் தண்ணீர். அதைவிட நல்லது எதுவும் வீட்டில் இல்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைக் குறைந்தது ஐந்து நிமிடமாவது காட்டுங்கள். ஐந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமான நேரம். பெரும்பாலானவர்கள் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள தோலுக்குச் சவர்க்காரம் போடலாம். தார் வீதியில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும் மண்ணையும் சின்னக் கற்களையும் ஈரமான கோஸ் துணியால் மெதுவாகத் துடைத்து எடுக்க வேண்டும். விட்டால் கிருமி பிடிக்கும், தோலுக்குள் கறுப்புப் புள்ளிகளாகவும் நின்றுவிடும்.

ஸ்பிரிட்டைக் காயத்துக்குள் ஊற்றக் கூடாது. எரிவது மட்டுமே மிச்சம், புதிதாக வளரும் தோலும் கெடும். கோப்பித்தூள், சாம்பல், பற்பசை எல்லாம் வேண்டாம். மஞ்சள் பற்றிக் கேட்பீர்கள். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய மருந்தல்ல, காயத்தை மூடி மறைத்தும்விடும். அடுத்த நாள் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவே முடியாது.

கழுவிய பிறகு மெல்லியதாக வாசலின் தடவி, ஒட்டாத துணியால் மூடி, நாளுக்கு ஒரு தரம் மாற்றுங்கள். "காற்றுப் படட்டும், காயட்டும்" என்பது பழைய யோசனை. ஈரப்பதம் காக்கப்பட்ட காயம்தான் வேகமாக ஆறுகிறது.

கடலில் நின்றால் உப்புத் தண்ணீரில் புண் ஆறிவிடும் என்கிறார்களே?

வேண்டாம். கடலில் உப்போடு கிருமிகளும் இருக்கின்றன. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்ற பக்டீரியா திறந்த காயத்தின் வழியாக உள்ளே போகக்கூடியது. சுகமான ஆளுக்கு இது அபூர்வம். ஈரல் நோய், சீனி வருத்தம், நாட்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் ஆபத்தாகலாம். கடலில் பட்ட காயத்தைச் சுற்றி ஊதா நிறக் கொப்புளங்கள் எழும்பி, காய்ச்சலும் வந்தால் அது அவசரம். கடலில் நின்றதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

புறாத்தீவில் பவளப்பாறையில் காலைக் கீறிக்கொள்பவர்களுக்கும் இதே கதைதான். பவளத்தின் நுண்ணிய துகள்கள் காயத்தில் தங்கி, வாரக்கணக்கில் சிவந்தும் கடித்தும் கொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் நன்றாக அலசித் துகள்களை எடுத்தால்தான் ஆறும். அது 2003 முதல் தேசியப் பூங்கா, பவளத்தின் மேல் ஏறி நிற்பதே தவறு என்பது தனிக்கதை.

ஏற்பு ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா?

சின்ன வயதுத் தடுப்பூசிகள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தால், சுத்தமான சின்னக் காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் மட்டும் ஒன்று தேவை. மண், சாணம், துருப்பிடித்த இரும்பு பட்ட அழுக்குக் காயம், அல்லது ஆழமான குத்துக்காயம் என்றால் 5 வருடத்தையே எல்லையாக வைப்பார்கள். பள்ளிக்கூட வயதில் போட்டதுதான் கடைசி, அதுவும் நினைவில்லை என்றால் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட திகதியைப் போனில் ஒரு படமாக எடுத்து வையுங்கள், துண்டு தொலைந்துவிடும்.

ஐஸ் வைப்பது எப்படி? வீட்டில் பிரிட்ஜ் இல்லையே.

பக்கத்துக் கடையில் பிள்ளைகள் வாங்கும் ஐஸ் பக்கெட் இரண்டு போதும். கணுக்காலின் வளைவுக்கு அது அழகாகப் பொருந்தும். மீன் வாடியில் கிடைக்கும் நொறுக்கிய ஐஸும் நல்லது, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். எதுவானாலும் தோலில் நேரே வைக்காமல் ஈரத் துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வரை. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம், முதல் இரண்டு நாட்கள். உணர்வு குறைந்த காலில் ஐஸ் வைக்க வேண்டாம், தோல் வெந்துபோனாலும் தெரியாது.

ஐஸ் நோவைக் குறைக்கும், அது உறுதி. குணமாவதை வேகப்படுத்துகிறதா என்பதில் வைத்தியர்களிடையே இப்போது ஒரே கருத்து இல்லை. அதனால் ஐஸ் கிடைக்காவிட்டால் பதற வேண்டியதில்லை. காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே தலையணைகளில் உயர்த்தி வைப்பதை மட்டும் விடாதீர்கள். கதிரையில் இருந்துகொண்டு காலை ஸ்டூலில் நீட்டுவது போதாது.

கன்னியா வெந்நீரில் குளித்தால் சுளுக்கு போய்விடுமா? சித்தாலேப, கோடாலித் தைலம் பூசித் தேய்க்கலாமா?

முதல் மூன்று நாட்களுக்கு இரண்டும் வேண்டாம். புதிய சுளுக்கில் உள்ளே சின்ன இரத்தக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். சூடு அவற்றை விரிக்கும், தேய்ப்பது மேலும் கிழிக்கும். "நன்றாக உருவிவிட்டேன், விடிய எழும்பினால் பானை மாதிரி வீங்கியிருக்கிறது" என்பது அடிக்கடி கேட்கும் கதை. வீக்கம் வடியத் தொடங்கிய பிறகு கன்னியாவுக்குப் போங்கள். ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு, இறுகிய தசைக்கு இதமாகத்தான் இருக்கும். புண் ஆறாமல் இருந்தால் போக வேண்டாம். அங்கே தரை எப்போதும் ஈரம், மறுபடி வழுக்காமல் நடக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா?

எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போங்கள். இதில் எங்கள் கருத்து அவ்வளவுதான். சித்த வைத்தியத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் அது பட்டப்படிப்பாகவே இருக்கிறது. ஆனால் எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்று தெரியாமல் இழுத்துக் கட்டுவது யார் செய்தாலும் ஆபத்துத்தான். பதிவு பெற்ற வைத்தியரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. எண்ணெய்த் துணியும் மட்டையும் வைத்துக் கட்டிய பிறகு விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, நோவு கூடினாலோ, "கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சொன்னார்" என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவிழ்த்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிரேப் பாண்டேஜ் எப்படிச் சுற்றுவது?

விரல் பக்கத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி. விரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனில் மறுபடி சிவக்க வேண்டும். இரவில் அவிழ்த்துவிடுங்கள்.

நோவுக்கு என்ன குளிசை?

பரசிட்டமோல், அதாவது நம் வீடுகளில் பனடோல். வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள் அளவைக் கேட்டு எடுங்கள். தடிமன் மருந்துகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பார்மசியில் "கொஞ்சம் பவர் கூடினதாகத் தாங்கோ" என்று கேட்டு இபுபுரோபன், டைக்ளோபெனாக் வாங்குவதில் கவனம் தேவை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை ஆகாது. காய்ச்சலும் இருந்தால் கட்டாயம் வேண்டாம். டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும். 2017இல் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிள் சரிந்து சைலன்சர் கெண்டைக்காலில் சுட்டுவிட்டது.

ஓடும் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம். சாதாரணத் தண்ணீர், ஐஸ் அல்ல. பட்டர், பற்பசை, எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுட்ட இடம் வெள்ளையாகி நோவே இல்லாமல் இருந்தால் அதுதான் ஆழமான சூடு, வைத்தியரிடம் காட்டுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவருக்குச் சின்ன உரசல்தான். வைத்தியரிடம் போகத்தான் வேண்டுமா?

ஆம். காயம் எவ்வளவு சின்னது என்பதைப் பார்க்க வேண்டாம். நோவு தெரியாததால் அவர் அதே காலில் நடந்துகொண்டே இருப்பார், இரத்த ஓட்டமும் குறைவு. ஒவ்வொரு நாளும் பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கோயிலுக்குப் போனாலும் காயம் ஆறும் வரை சுடுகல்லில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். கோணேசர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மம்மா குளியலறையில் விழுந்தார். "ஒன்றுமில்லை" என்கிறார், ஆனால் எழும்பவில்லை.

அவர் சொல்வதை நம்பாதீர்கள். வயதானவர்கள் பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று மறைப்பார்கள். படுத்திருக்கும்போது இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சரிந்திருந்தால் இடுப்பு மூட்டு முறிவுதான் முதல் சந்தேகம். நோவு தொடையிடுக்கிலோ முழங்காலிலோ கூடத் தெரியலாம். நடக்க வைத்துப் பார்க்க வேண்டாம், 1990ஐ அழையுங்கள்.

முறிவு இல்லாவிட்டாலும் முன்னங்காலின் மெல்லிய தோல் கடதாசி போலக் கிழிந்து மடிந்திருக்கலாம். அந்தத் தோலை வெட்டி எறியாமல், கழுவி, மெதுவாகப் பழைய இடத்துக்கு விரித்து மூடிக்கொண்டு போங்கள். வாபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் கண்டல் பெரிதாகிக்கொண்டே போகும், கட்டாயம் காட்டுங்கள்.

ஏன் விழுந்தார் என்றும் கேளுங்கள். ஈரத் தரையா, அல்லது எழும்பும்போது தலை சுற்றியதா? பிரஷர்க் குளிசை கூடினாலும், சீனி சடுதியாகக் குறைந்தாலும் இப்படி விழுவார்கள். காலுக்கு மட்டும் மருந்து கட்டிவிட்டு வந்தால் அடுத்த கிழமை மறுபடி விழுவார்.

பிள்ளை விளையாடி விழுந்தான். அழுகை நின்றுவிட்டது, ஆனால் நொண்டுகிறான்.

ஓடித் திரியும் பிள்ளை அடுத்த நாளும் நொண்டினால், அல்லது காலை ஊன்றவே மறுத்தால் காட்டுங்கள். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குச் சுளுக்காகும் அடி அவர்களுக்கு அங்கே முறிவாகலாம். நடை பழகும் வயதில் கணைக்கால் எலும்பில் விழும் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். நொண்டலோடு காய்ச்சலும் வந்தால் விழுந்ததை மறந்துவிட்டு அன்றே போங்கள், அது மூட்டுக்குள் கிருமி பிடித்ததாக இருக்கலாம்.

அடிபட்டது முழங்காலில். நான்கு நாளில் கணுக்கால் நீலமாகிவிட்டது, ஏன்?

கசிந்த இரத்தம் கீழே இறங்குகிறது. நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று கிழமையில் மறையும். பயம் வேண்டாம். ஆனால் நிறம் மாறாமல் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் நொந்தால் அது வேறு. ஆழமான நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

வயலில் விழுந்து காயம். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

எலிக்காய்ச்சல். சேற்றுநீரும் வெள்ளநீரும் காயத்தில் பட்டிருந்தால், பொதுவாக ஒன்று இரண்டு கிழமையில், சில வேளை ஒரு மாதத்துக்குள், காய்ச்சல், கடும் தசை நோவு, கண் சிவப்பு வரலாம். காயம் அதற்குள் ஆறியிருக்கும், அதனால் யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள். நீங்களே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

காயத்திலேயே கிருமி பிடித்தால் அடையாளம் எளிது. மூன்றாம் நாள் குறைய வேண்டிய நோவு கூடும், சிவப்புப் பரவும், சீழ் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும். சிவப்பின் எல்லையைப் பேனையால் கீறி வையுங்கள். சில மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டினால் புறப்படுங்கள்.

எப்போது நடக்கலாம், எப்போது மோட்டார் சைக்கிள் ஓடலாம்?

சுளுக்கு என்று உறுதியானால் இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே, நோவு தாங்கும் அளவுக்கு நடக்கத் தொடங்குங்கள். கிழமைக்கணக்கில் கட்டிலில் கிடந்தால் மூட்டு இறுகிவிடும். படுத்திருக்கும்போது கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ எழுதுவது நல்ல பயிற்சி, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். நோவு குறைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நில்லுங்கள், பிறகு சுவரை விட்டு. இதைச் செய்யாதவர்களுக்குத்தான் அதே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரளும்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரே நிபந்தனை: வலது காலால் பிரேக்கை முழுப் பலத்தோடு சடுதியாக மிதிக்கவும், நிறுத்தும்போது இரண்டு காலிலும் வண்டியின் பாரத்தைத் தாங்கவும் முடிய வேண்டும். சாதாரணச் சுளுக்குக்கு இரண்டு முதல் ஆறு கிழமை பிடிக்கும். ஆறு கிழமை தாண்டியும் படி இறங்கும்போது கால் நழுவினால் எலும்பு முறிவு கிளினிக்கில் மறுபடி காட்டுங்கள், முதல் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள்.